நாலரை மணி ஆவி

அந்தச் சலவைக்கூடத்தில் எழுபத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் எழுபத்தோரு பேருக்குக் கோபம் வரும். மீதி ஒருவர் பாய்லர்காரர். முப்பத்தொரு வருடங்களில் அவர் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அதனால் அவருக்குப் 'பச்சைத் தண்ணி' என்று பட்டப்பெயர். நாள் முழுக்கத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற மனிதருக்கு இந்தப் பெயரை வைத்தவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தால் ஒரு மாலை போடலாம்.

ஆங்கிலத்தில் ஒரு சொல்வழக்கு உண்டு. உள்ளே அடைந்து கிடக்கும் கோபத்தை, அலுப்பை, குமைச்சலை, யாருக்கும் சேதமில்லாமல் கத்தியோ ஓடியோ பந்தை உதைத்தோ வெளியேற்றுவதை 'லெட் ஆஃப் ஸ்டீம்' என்பார்கள். ஆவியைத் திறந்துவிடுவது. திறந்துவிடாவிட்டால் வெடிக்கும் என்பது அதன் உட்பொருள். நாம் 'மனசுல இருந்ததைக் கொட்டிட்டேன்' என்கிறோம். கொட்டினால் கீழே விழும், யாராவது பெருக்க வேண்டும். ஆவி அப்படியில்லை, மேலே போய்விடும் என்பது வெள்ளைக்காரர் நம்பிக்கை. இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்று ஒருவர் சோதித்துப் பார்த்த வரலாறு இது.

ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளும் ஓட்டல்களும் அனுப்பும் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும்தான் அந்தக் கூடத்தின் பிழைப்பு. துவைக்க, உலர்த்த, இஸ்திரி போட எல்லாவற்றுக்கும் பின்கட்டில் இருக்கும் பாய்லரிலிருந்து ஆவி போகும். மாலை நாலரைக்கு வேலை முடிந்ததும் அடுப்பை அணைத்து, குழாயில் மிச்சமிருக்கும் ஆவியை வெளியே விட்டுவிட வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. பாய்லர்காரர் கைச்சக்கரத்தைத் திருப்புவார். பின்முற்றத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் குழாய் மூன்று நிமிடம் அலறும். பக்கத்தில் நிற்பவர் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. கூரையில் வாழும் புறாக்கள் நாலு இருபத்தெட்டுக்கே எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு நாள், வண்டி ஓட்டுகிறவர் அப்போதைய மேனேஜரிடம் வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டு பின்முற்றத்துக்கு வந்தார். ஆவி அலறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவர் தன் பங்கையும் சேர்த்தார். மேனேஜரின் பரம்பரையை நான்கு தலைமுறை பின்னோக்கிப் போய் விசாரித்துவிட்டுத் திரும்பியபோது அவர் முகம் துவைத்துக் காயவைத்த தலையணை உறை மாதிரி இருந்தது. மறுநாள் மடிப்புப் பகுதியிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அடுத்த வாரம் வரிசை நின்றது. ஆளுக்கு அரை நிமிடம், நாளைக்கு ஆறு பேர், நிற்க ஒரு சிமென்ட் பலகை என்று சட்டதிட்டங்கள் தாமாகவே உருவாயின. எந்தத் தொழிற்சங்கமும் இவ்வளவு சீக்கிரம் ஒருமித்த முடிவுக்கு வந்ததில்லை.

முறையை மாற்றிக் கேட்பதும் உண்டு. மடிப்புப் பகுதியில் எல்லோருக்கும் 'மடிப்பு அக்கா'வான பெண்ணிடம் ஒருத்தி கேட்டாள்:

"அக்கா, இன்னைக்கு உங்க முறையைக் குடுங்களேன். ரொம்ப அவசரம்."

"அடிப்பாவி, எங்க வீட்டுக்கு மாமியார் வந்து மூணு நாளாச்சு. நான் நேத்தே வெடிச்சிருக்கணும். போ, வரிசையில நில்லு!"

பலகை மேல் நிற்பவர் கைச்சக்கரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஆவி முகத்தில் அடிக்காத ஒரே திசை அதுதான். கைச்சக்கரத்துக்குப் பக்கத்தில் பாய்லர்காரர் நிற்பார். அவருக்கு இயந்திரச் சத்தத்தில் காது ஏற்கெனவே பாதி போயிருந்தது. கேட்காத மனிதர், கேட்கவிடாத சத்தம். இதைவிடப் பத்திரமான இடம் எந்த வங்கியிலும் கிடையாது என்று எல்லோரும் நிம்மதியாக வாயைத் திறந்தார்கள்.

அவர்கள் யோசிக்க மறந்த விஷயம் ஒன்றே ஒன்று. முப்பது வருடம் சத்தத்துக்குள் வேலை பார்த்த மனிதர் எப்படித்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்? வாயைப் பார்த்துத்தான். உதடு அசைவதைப் பார்த்தால் போதும், பாய்லர்காரருக்கு அரைப்புள்ளி முற்றுப்புள்ளியோடு புரிந்துவிடும்.

ஆகவே அவருக்கு எல்லாம் தெரியும். மடிப்பு அக்காவின் மாமியார் எதையெல்லாம் ஒளித்து வைப்பார் என்று தெரியும். வண்டி ஓட்டுகிறவர் இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமைதோறும் பலகையில் ஏறித் திட்டுவதே இல்லை, பேச்சுவார்த்தை நின்றுபோன தன் தம்பியிடம் "நான்தான்டா தப்பு, நீ வந்து ஒரு வார்த்தை பேசுடா" என்று கெஞ்சிவிட்டு இறங்குகிறார் என்று தெரியும். இப்போதைய மேனேஜர் மாதம் ஒருமுறை 'ஆய்வு' என்று சொல்லி எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டுப் பலகையில் ஏறி, "எனக்கு ஒண்ணுமே தெரியாது! இதுல ஒரு மெஷின்கூட எனக்குப் புரியல!" என்று கத்துவார் என்பதும் தெரியும். பாய்லர்காரர் எதுவும் தெரியாதவர் போல, அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆவியில் சொன்னது ஆவியோடு போய்விட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு சொல்லை அவர் வெளியே விட்டதில்லை, ஒரு சொல்லை வைத்து எதுவும் செய்ததும் இல்லை. மேலே போன ஆவி கொஞ்ச நேரத்தில் குளிர்ந்து பொடிப்பொடித் துளியாகக் கீழே விழும். அது எப்போதும் அவர் சட்டை மேல்தான் விழும். இதை அவர் யாரிடமும் புகாராகச் சொன்னதில்லை.

இவருக்கு ஒரே மகள். வயது முப்பத்திரண்டு. அதே கூடத்தில் இஸ்திரிப் பகுதிக்கு மேற்பார்வையாளர். மனைவி ஒன்பது வருடங்களுக்கு முன், இரண்டு வருடம் படுக்கையில் இருந்து போய்ச் சேர்ந்தார். அதன்பின் இரண்டு அறை வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும். முகமூடி போட்ட டாக்டர் சொல்வதையும் தொலைபேசியில் வருவதையும் அவருக்கு எடுத்துச் சொல்வது மகள்தான். "மத்தவங்க பேசறது அரைகுறையாத்தான் கேக்கும். எம் பொண்ணு பேசறது மட்டும் கணீர்னு கேக்கும்" என்று அவர் பெருமையாகச் சொல்வார்.

இரண்டு நாள் ரயில் பயணத் தூரத்தில் இருக்கும் ஒரு துறைமுக நகரத்தில் நிர்வாகம் புதுச் சலவைக்கூடம் திறந்தது. அதை நடத்த மகளைக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் வருடத்துக்கு ஒருமுறை வரலாம்.

வீட்டில் இதைப் பற்றி நடந்த பேச்சுவார்த்தை முழுவதும் இவ்வளவுதான்:

"எனக்கு அங்க போக இஷ்டமே இல்லப்பா."

"உன் இஷ்டம்மா."

அதற்குப் பிறகு அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினாள்.

அந்த வாரத் திங்கட்கிழமை நிர்வாகம் ஊழியர் நலனுக்காக ஒரு பயிற்சியாளரை அனுப்பியிருந்தது. கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர். எழுபத்திரண்டு பேரையும் உட்கார வைத்து, மேலே சொன்ன ஆங்கிலச் சொல்வழக்கைக் கரும்பலகையில் எழுதி விளக்கினார்.

"உள்ளயே வச்சிருந்தா பிரஷர் ஏறும். என்ன ஆகும்? யாராவது சொல்லுங்க."

எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்லர்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். துறை வல்லுநர் கருத்துச் சொல்லட்டும் என்று.

"ஐயா, உங்களுக்குக் கோபம் வந்தா எப்படி வெளிய விடுவீங்க?" என்று பயிற்சியாளர் அவரிடம் வந்தார்.

"எனக்கா? எனக்கு வராதுங்க."

"வராம இருக்காதுங்க. உள்ள இருக்கும். எவ்வளவு இருக்குன்னு நீங்க கவனிக்கணும்."

"பாய்லருக்குன்னா கேஜ் இருக்கு, முள்ளு காட்டும். எனக்கு எங்கங்க முள்ளு?"

கூடமே சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்துவிட்டு, சாமான் அறை ஒன்றைக் காலி செய்யச் சொல்லி அதில் ஒரு தடித்த தலையணையைத் தொங்கவிட்டார். கோபம் வந்தவர் போய்க் குத்தலாம். வாசலில் ஒரு பதிவேடு: பெயர், பகுதி, நேரம், கோபத்துக்குக் காரணம், மேலதிகாரி கையொப்பம். வெள்ளிக்கிழமை வரை பதிவேட்டில் ஒரே ஒரு வரிதான் விழுந்தது. காவலாளி எழுதியது: 'கோபம் இல்லை. தலையணை உறை அழுக்காக இருக்கிறது.'

புதன்கிழமை நாலரைக்கு வரிசையில் மகள் நின்றாள். வேலைக்குச் சேர்ந்த எட்டு வருடத்தில் அவள் ஒருமுறைகூட அங்கே வந்ததில்லை. மடிப்பு அக்கா கேள்வியே கேட்காமல் தன் முறையைக் கொடுத்துவிட்டாள். மாமியார் இன்னும் ஊருக்குப் போகவில்லை என்பதை நினைத்தால் இது சாதாரணத் தியாகமில்லை.

பாய்லர்காரர் சக்கரத்தைத் திருப்பினார். குழாய் அலறியது. மகள் பலகையில் ஏறி, நேராக அவரைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"எனக்குப் போகணும்! ஆறு இஸ்திரி உருளை, எல்லாம் புதுசு, நானே நடத்தணும். ஆசையா இருக்கு. ஆனா இந்த மனுஷன் வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறாரே! போன்னும் சொல்ல மாட்டாரு, போகாதேன்னும் சொல்ல மாட்டாரு. உன் இஷ்டம்மான்னு சொல்லிட்டுப் பொத்தானைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. என் இஷ்டத்தை நான் எங்க போய்த் தேடறது?"

அரை நிமிடம் முடிந்தது. இறங்கிப் போய்விட்டாள். பாய்லர்காரர் கேஜ் முள்ளைப் பார்த்தார். முள் வழக்கம்போல இறங்கிக்கொண்டிருந்தது.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அவர் தன் கொள்கையைப் பற்றி ஆழமாக யோசித்தார். ஆவியில் சொன்னதை வைத்து எதுவும் செய்யக் கூடாது. முப்பத்தொரு வருட ஒழுக்கம். சொந்த மகள் என்பதற்காக அதை உடைக்கலாமா? உடைக்கக் கூடாதுதான். உடைக்காவிட்டால் அவள் இங்கேயே இருப்பாள். தன் கொள்கை இவ்வளவு உயர்ந்ததாக, இவ்வளவு வசதியானதாக அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வீட்டுக்குப் போய், கேட்காதவராகவே கை கழுவினார், கேட்காதவராகவே சாப்பிட்டார்.

வியாழக்கிழமை மாலை மைத்துனர் வந்தார். மனைவியின் தம்பி. ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிற உத்தியோகம். ஒலிபெருக்கி இல்லாத இடத்திலும் அதே குரல்தான். ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டால்கூட மூன்றாவது நடைமேடை வரை கேட்கும். மூவரும் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். அப்பாவும் மகளும் நாளைக்குத் துணி உலர்த்துவதைப் பற்றி, ஒழுகும் குழாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் மைத்துனர் தலையைச் சாய்த்து, காதைத் தட்டிக்கொண்டார்.

"மச்சான், ஒரு சந்தேகம். எனக்குக் காது போச்சா?"

"ஏன்டா?"

"அரை மணி நேரமா பாக்கறேன். நீங்க பேசறது கேக்குது. அவ உங்ககிட்ட பேசறது மட்டும் எனக்குக் கேக்கவே இல்ல. வாய்தான் அசையுது, சத்தமே வரல."

"என்னடா உளர்ற? கணீர்னு பேசினாளே."

"எங்க பேசினா? என்கிட்ட 'சக்கரை போதுமா மாமா'ன்னு கேட்டப்போ சத்தம் வந்துச்சு. உங்க பக்கம் திரும்பினதும் படம் மட்டும் ஓடுது, பாட்டு நின்னுபோச்சு. ரெண்டு பேரும் எத்தனை வருஷமா இப்படிக் குடும்பம் நடத்தறீங்க?"

பாய்லர்காரருக்கு மனைவி படுத்திருந்த இரண்டு வருடம் நினைவுக்கு வந்தது. பக்கத்து அறையில் அவள் கண்ணயர்ந்தால் எழுப்பிவிடக் கூடாதென்று அப்பாவும் மகளும் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசப் பழகியிருந்தார்கள். அவள் போன பிறகு சத்தம் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டதாகத்தான் அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார். திரும்பவே இல்லை. ஒன்பது வருடமாகத் தனக்குக் கணீரென்று கேட்ட மகளின் குரலை, அவர் கேட்டதே இல்லை.

அடுத்த எண்ணம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்படியானால் அவருக்கு உதடு படிக்கத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நேற்று பலகையில் ஏறிச் சொன்னது ஆவிக்குச் சொன்னதில்லை. வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சொல்ல முடியாததை, எழுபது பேர் நடுவில் தனியாக அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவர் கேஜைப் பார்த்தார் என்பதையும் அவள் பார்த்திருப்பாள்.

"அந்த ஊருக்கு ரயில் எத்தனை மணிக்குடா?" என்று கேட்டார்.

"திங்கட்கிழமை காலை ஒன்பது இருபது. இரண்டாவது நடைமேடை" என்றார் மைத்துனர், தெரு முழுக்கக் கேட்கும்படி.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். மகள் இஸ்திரிப் பகுதி வாசலில், முற்றத்தின் மறுகோடியில், மடிப்பு அக்காவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பதில் கடிதம் அவள் கையில் ஒட்டப்படாமல் இருந்தது. பாய்லர்காரர் சக்கரத்தைத் திருப்பினார். குழாய் அலறியது. பிறகு அவர் நடந்து போய்ச் சிமென்ட் பலகையில் ஏறினார்.

வரிசை திகைத்துப்போயிற்று. பச்சைத் தண்ணி கொதிக்கிறது! யாரைத் திட்டப் போகிறார் என்று ஆளுக்கொரு பெயரை முணுமுணுத்தார்கள். அவர் எல்லோரையும் போலச் சக்கரத்தைப் பார்த்து நிற்கவில்லை. ஆவி முகத்தில் அடித்தாலும் பரவாயில்லை என்று வாசல் பக்கம் திரும்பி நின்றார்.

"போகாதேன்னு சொல்லத்தான் வாய் வருது. நீ இல்லைன்னா டாக்டர் சொல்றதை யாரு எனக்குச் சொல்லுவா? அந்தப் புதுக் கூடம் இடிஞ்சு விழட்டும்னு நேத்து பூரா வேண்டிக்கிட்டேன். கோவம் கோவமா வருது, யார் மேலன்னுதான் தெரியல. உன் இஷ்டம்னு சொன்னது பொய். என் இஷ்டத்தை நீயா கண்டுபிடிச்சு இருந்துடுவேன்னுதான் சும்மா இருந்தேன். போம்மா. நீ போகலைன்னா இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன் முன்னாடி நான் எப்படி உக்காருவேன்?"

முற்றத்தின் மறுகோடியில் மகளின் உதடு அசைந்தது.

அவர் இறங்கினார். சக்கரத்தை மூடினார். மூன்று நிமிடம் ஆகவில்லை. முதல் தடவையாக நேரத்துக்கு முன்னால் ஆவி நின்றது. அந்த அமைதியில், தன் குரல் எவ்வளவு உயரும் என்று தனக்கே தெரியாத அந்த மனிதர், முழுத் தொண்டையில் கத்தினார்:

"போயிட்டு வாம்மா!"

அப்போதுதான் திரும்பி வந்து உட்கார்ந்த புறாக்கள் மறுபடி எழுந்து பறந்தன. மகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உறையை ஒட்ட உள்ளே போனாள்.

வரிசையில் மற்றவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வண்டி ஓட்டுகிறவர் மட்டும் துடைக்கவில்லை. அவர் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க அவ பக்கத்துலதான நின்னீங்க? அவ என்ன சொன்னா?"

"'சத்தமா சொல்லுப்பா'ன்னா" என்றாள் மடிப்பு அக்கா. "எனக்கே அரைகுறையாத்தான் கேட்டுது. ஆவி அந்தக் கத்து கத்துச்சே."

"உங்களுக்கே கேக்கல. அங்க நின்ன இவருக்கு எப்படிக் கேட்டுது?"

 வண்டி ஓட்டுகிறவர் மெல்ல பாய்லர்காரரின் முன்னால் போய் நின்று, கையால் தன் வாயைப் பாதி மறைத்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணே… வாயைப் பாத்தாலே உங்களுக்குப் புரியுமா?"

"கையை எடுத்துட்டுக் கேளுப்பா."

எடுத்துவிட்டுக் கேட்டார்.

"புரியும்."

"எப்பலேருந்து?"

"வேலைக்குச் சேந்த ரெண்டாவது வருஷத்துலேருந்து."

இஸ்திரிப் பகுதி ஜன்னலில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் போன போக்கு, வெள்ளை விரிப்புகளுக்கு வெளுப்பு எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு ஒரு முன்மாதிரி.

மறுநாள் சனிக்கிழமை பின்முற்றத்துக்கு ஒருவரும் வரவில்லை. தலையணை அறையின் பதிவேட்டில் ஒரே நாளில் பதினேழு கையெழுத்து விழுந்தது. காரணம் என்ற கட்டத்தில் பதினேழு பேரும் 'உடற்பயிற்சி' என்று எழுதியிருந்தார்கள். மேனேஜர் மட்டும் மத்தியானம் பாய்லர் அறைக்கு வந்து, கொஞ்ச நேரம் கேஜைப் பார்ப்பது போல நின்றுவிட்டு, "அந்த உலர்த்தி எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நாள் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டார். சாதாரணக் குரலில்தான் கேட்டார்.

திங்கட்கிழமை காலை இரண்டாவது நடைமேடையில் வழியனுப்ப வந்த கூட்டம். குளிரூட்டப்பட்ட ரயில் பெட்டி. ஜன்னல் கண்ணாடியைத் திறக்க முடியாது. ஒவ்வொரு ஜன்னலுக்கு வெளியேயும் ஒரு குடும்பம் நின்று கண்ணாடியைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தது. "போன் பண்ணு!" "என்னது?" "போன்! போன்!" உள்ளேயிருப்பவர்கள் காதைக் காட்டிக் கையை விரித்தார்கள். தலைக்கு மேல் மைத்துனரின் குரல் ஒன்பது இருபது வண்டியைப் பற்றி உலகத்துக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏழாவது ஜன்னலில் மட்டும் அவசரமே இல்லை. அப்பா வெளியே, மகள் உள்ளே. எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடிப்பவர்கள் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"குழாய் ரிப்பேர்க்காரர் புதன்கிழமை வருவாருப்பா. கதவைத் தட்டினா உனக்குக் கேக்காது. வாசல்லயே உக்காரு."

"சரி."

"டாக்டர்கிட்ட எழுதிக் குடுக்கச் சொல்லு. தலையை மட்டும் ஆட்டிட்டு வந்துடாதே."

"சரிம்மா."

"கோவம் போச்சா?"

அவர் யோசித்தார். பொத்தானைப் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார். "இருக்கட்டும். நாலரைக்குப் பாத்துக்கறேன்."

வண்டி நகர்ந்தது. மற்ற ஜன்னல்களில் பேச்சு நின்று கையாட்டல் தொடங்கிவிட்டது. இவர்கள் நடைமேடை முடிகிற வரை பேசிக்கொண்டே போனார்கள்.

பின்முற்றத்துக்கு இரண்டு வாரத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துவிட்டார்கள். மாமியார்கள் இருக்கும்வரை அந்தப் பலகை காலியாக இருக்க வழியில்லை. இப்போது ஆளுக்கொரு துண்டை நாலாக மடித்து வாயை மறைத்துக்கொண்டு திட்டுகிறார்கள். துண்டுக்குச் சலவைக்கூடத்தில் என்ன பஞ்சம்? வண்டி ஓட்டுகிறவர் மட்டும் துண்டு எடுத்து வருவதில்லை. செவ்வாய்க்கிழமை பலகையில் ஏறி, பாய்லர்காரரைப் பார்த்துத் தன் தம்பிக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறார். "இதை அவன்கிட்டயே சொல்லேன்டா" என்று பாய்லர்காரர் ஒருமுறை பதில் சொன்னார். வண்டிக்காரருக்கு உதடு படிக்கத் தெரியாது. ஆனால் அது அவருக்குப் புரிந்துவிட்டது.

ஆறு பேரும் இறங்கிய பிறகு, சக்கரத்தை உடனே மூடாமல் பாய்லர்காரர் தானும் ஒருமுறை பலகையில் ஏறுகிறார். துண்டு இல்லை. என்ன சொல்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ரொம்ப நேரம் சொல்கிறார்.